இரண்டு மணித்தியாலமும் நான்கு நாட்களும்

வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி எழுத முற்படும் ஒருவருக்கு இன்று ஆவணப் பஞ்சம் இல்லை எனலாம். 1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கி, அம்மாதம் 30ஆந் திகதி யாழ்ப்பாண நகரில் முடிவுற்ற இரண்டு வார காலத்தில், வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், இம்மக்களின் இழப்புகளைக் கணக்கெடுத்து 2001இல் நூலாக வெளியிட்டார். இவ்வெளியேற்றம் குறித்து விசாரித்த பிரஜைகள் ஆணைக்குழுவின் விரிவான அறிக்கை 2011இல் வெளிவந்தது. இவற்றைவிட, அகதி நிவாரணத்திற்கும் வீட்டுத் திட்டத்திற்கும் மீள்குடியேற்றத்திற்குமென நிரப்பப்பட்ட படிவங்கள் எத்தனையோ கட்டுகளாக அலுவலகங்களில் கிடக்கின்றன.

இவை யாவும் மிகவும் அவசியமானவை. ஹஸ்புல்லாஹ் அவர்கள் 2018இல் காலமானபோது, அவருடைய உழைப்பு இல்லாதிருந்தால் எமது கையில் என்ன இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தவர்கள் பலர். ஆயினும் இவ்வாவணங்களுள் பெரும்பாலானவை ஒரே கேள்விக்கான விடைகள். எத்தனை பேர், எத்தனை ஏக்கர், எத்தனை பவுண், எத்தனை அறை கொண்ட வீடு என்பதே அக்கேள்வி. எதை இழந்தோம் என்பதற்கு அவற்றில் விடை உண்டு. எப்படி வாழ்ந்தோம் என்பதற்கு விடை பெரும்பாலும் மனிதர்களின் வாயில்தான் இருக்கிறது.

நான் புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆசிரியராகக் கடமையாற்றுபவன். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் கணிசமானோர் வடக்கிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். "உங்கள் குடும்பம் ஏன் இங்கு வந்தது?" என்று கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே மறுமொழி வரும்: இரண்டு மணித்தியால அவகாசம், கையில் 500 ரூபா. அதற்கு மேல் கேட்டால் மௌனம். நூற்றாண்டுக் கணக்கான வாழ்வு இரண்டு வசனங்களில் முடிந்துவிடுகிறது. பாட்டனார் என்ன தொழில் செய்தார், பாட்டியார் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார், பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில் வரலாற்றின் மூலாதாரங்களை இலக்கிய மூலாதாரம், தொல்பொருள் மூலாதாரம் என இரண்டாகப் பிரித்துக் கற்பித்தார்கள். வாய்மொழி மரபு என்பது நாட்டாரியலோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஒரு சிறு குறிப்பாகவே இருந்தது. ஆனால் வாய்மொழியை நெறிப்படுத்தி எழுத்தாக்கும் கலை முஸ்லிம்களுக்குப் புதியதல்ல. நபிகளார் (ஸல்) மறைந்த சில மாதங்களில் நடைபெற்ற யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்திருந்த பலர் ஷஹீதாகினர். மனனம் செய்தோர் இவ்வாறு மறைந்துகொண்டு போனால் என்ன ஆகும் என்ற கவலை உமர் (ரழி) அவர்களுக்கு ஏற்பட்டது. அதன் பேரிலேயே முதலாம் கலீபா அபூபக்கர் (ரழி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களிடம் அதனை ஒன்றுதிரட்டும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஸைத் (ரழி) தாமே மனனம் செய்திருந்தவர். அப்படியிருந்தும் தமது மனனத்தை மட்டும் நம்பி எழுதாமல், எழுதப்பட்டவற்றையும் பிறர் மனனத்தையும் தேடி ஒப்பிட்டார்கள். பின்னர் வந்த ஹதீஸ் கலை, சொல்லப்பட்ட செய்தியை மட்டுமன்றி அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்பனவற்றையும் பரிசீலித்தது. வஹியையும் குடும்பக் கதையையும் ஒரே தட்டில் வைப்பது என் நோக்கமல்ல. நினைவில் வைத்திருப்போர் மறைவதற்கு முன் பதிய வேண்டும், பதிவதைச் சோதிக்க வேண்டும் என்ற இரு ஒழுங்குகளும் எமது மரபில் ஏற்கெனவே உள்ளன என்பதையே சுட்டுகிறேன்.

மேல்நாட்டில் இது கல்வித்துறையாக வளர்ந்தது பிற்காலத்தில்தான். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அலன் நெவின்ஸ் 1948இல் வாய்மொழி வரலாற்றுக்கென ஓர் அலுவலகத்தைத் தொடக்கினார். அங்கு முதலில் பதியப்பட்டவர்கள் பெரும்பாலும் பிரமுகர்கள். சாதாரண மக்கள் தமக்குள் பேசிக்கொள்வதைப் பதியும் முயற்சி 2003இல் நியூயோர்க்கின் பெரிய ரயில் நிலையத்தில் ஒரு சிறு கூண்டாக அமைந்தது. டேவ் ஐசே என்ற வானொலியாளர் தொடங்கிய 'ஸ்டோரிகோர்ப்ஸ்' அது. தாயும் மகளும், பேரனும் பாட்டனும் அதற்குள் அமர்ந்து நாற்பது நிமிடம் உரையாடலாம். ஒரு பிரதி அவர்களுக்கும், அனுமதித்தால் மற்றொன்று அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகத்துக்கும் போகும். கேள்வி கேட்பவர் வெளியாளாக இல்லாமல் வீட்டாளாக இருக்கிறார் என்பதே அதன் புதுமை.

எமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் இந்திய உபகண்டத்திலேயே உண்டு. ஊர்வசி புட்டாலியா 1947 பிரிவினை பற்றி 1998இல் வெளியிட்ட நூலின் ஆரம்பம் அவருடைய சொந்தத் தாய்மாமன்தான். குடும்பம் இந்தியாவுக்குப் போக, அவர் லாகூரிலேயே தங்கி இஸ்லாத்தைத் தழுவியவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் குடும்பம் அவரைப் பற்றிப் பேசியதில்லை. மருமகள் தேடிச் சென்று கேட்டபோதே அவர் வாய் திறந்தார். அந்த உரையாடலின் பின்னர்தான் அந்நூலாசிரியர் ஏனைய மக்களின் கதைகளுக்குச் சென்றார்.

என் மனைவியின் உம்மா, அதாவது என் மாமி, மன்னார்த் தீவிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். எழுபதைத் தொட்டவர். கடந்த சில ஆண்டுகளாக, மஃரிபுக்குப் பின் அவர் வெற்றிலைத் தட்டோடு திண்ணையில் இருக்கும் நேரத்தில், கைத்தொலைபேசியில் அவர் பேச்சைப் பதிந்து வருகிறேன். முதல் நாள் வெளியேற்றத்தைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு மணித்தியாலத்துல போகச் சொன்னாங்க மகன். உடுத்த உடுப்போட வந்தம்" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னவை யாவும் ஆண்டுதோறும் ஒக்டோபரில் நடைபெறும் நினைவுக் கூட்டங்களில் நான் கேட்டவையாகவே இருந்தன.

ஆனால் எழுத்து ஆவணங்கள் வேறு விதமாகக் கூறுகின்றன. இரண்டு மணித்தியாலம் என்பது யாழ்ப்பாண நகர மக்களுக்கு நேர்ந்தது. மன்னார்த் தீவு மக்களுக்கு ஒலிபெருக்கி அறிவித்தல் ஒக்டோபர் கடைசி வாரத்தில் விடுக்கப்பட்டது. அவகாசம் சில நாட்கள். அவர்கள் கடற்கரைக்குச் சென்று படகுக்காகக் காத்துக் கிடந்து, கடல் வழியாகவே கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தனர். கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட்ட பணமும் ஊருக்கு ஊர் வேறுபட்டது.

அப்படியாயின் மாமி பொய் சொன்னாரா? இல்லை. இந்த இடத்தில் இத்தாலிய ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி எமக்கு உதவுகிறார். தேர்னி என்ற உருக்காலை நகரில் லூயிஜி த்ரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949இல், நேட்டோ ஒப்பந்தத்துக்கு எதிரான ஊர்வலத்தில் பொலிஸாரால் கொல்லப்பட்டார். ஆனால் அந்நகரத் தொழிலாளர் பலர், 1953இல் ஆயிரக்கணக்கானோர் வேலை நீக்கப்பட்டபோது நடந்த போராட்டத்தில் அவர் இறந்ததாகவே நினைவு கூர்ந்தனர். போர்ட்டெல்லி இதைத் தவறென்று ஒதுக்கவில்லை. தம் வாழ்க்கையில் மிகப் பெரிய அடி எது என்று அத்தொழிலாளர் கருதினார்களோ, அந்த இடத்துக்கு மரணத்தை நகர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். மாமிக்கும் நடந்தது அதுவே. முகாமில் பக்கத்துக் கொட்டிலில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்களின் கதையும், மேடைகளில் கேட்ட கதையும், பத்திரிகைகளில் வந்த கதையும் சேர்ந்து வடக்கு முஸ்லிம்கள் அனைவருக்கும் ஒரே கதையாகிவிட்டன. ஒரு சமூகமாக நின்று பேசுவதற்கு அந்த ஒரே கதை தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஒரே கதைக்கு அடியில் மாமியின் சொந்தக் கதை மறைந்து போயிற்று.

இன்னொரு மாலையில் வேறு விதமாகக் கேட்டேன். "மாமி, மைக்ல சொன்ன அண்டைக்கு நீங்க என்ன ஆக்கினீங்க?" மாமி பாக்கு வெட்டுவதை நிறுத்தினார். "அண்டைக்கு ஆக்கல்ல. அடுத்த நாள்தான் ஆக்கின" என்றார். பிறகு ஒவ்வொரு நாளாக வந்தது. மறுநாள், கொண்டு போக முடியாது என்று எல்லா வீட்டிலும் கோழிகளை அறுத்தார்கள். "கோழிக்கறி மணக்காத வீடில்ல மகன். ஒருத்தருக்கும் தொண்டைக்குள்ள இறங்கல்ல." அதற்கடுத்த நாள் ஆடுகளை அவிழ்த்து விட்டார். அவை மாலையில் தாமாகவே திரும்பி வந்து கட்டைக்குப் பக்கத்தில் நின்றன. நான்காம் நாள் கடற்கரை. அங்கே வெயிலில் இருந்தபோது, பின்வளவுக்காரியான தமிழ்ப் பெண் ஒருவர் வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டு வந்து மாமியின் மடியில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போயிருக்கிறார். அந்தச் சோற்றைத்தான் படகில் என் மனைவிக்கு ஊட்டியிருக்கிறார். அப்போது அவளுக்கு எட்டு வயது. அவளே இதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

முப்பது ஆண்டுகளாக இதை ஏன் சொல்லவில்லை என்று மகள் கேட்டதற்கு, "ஆரு கேட்டா?" என்றார் மாமி. உண்மைதான். எத்தனையோ படிவங்களை அவர் நிரப்பியிருக்கிறார். காணி எவ்வளவு, நகை எவ்வளவு என்று அவை கேட்டன. சோறு தந்தது யார் என்று கேட்பதற்கு எந்தப் படிவத்திலும் நிரல் இல்லை. அந்தச் சோற்றுப் பொதியால் வெளியேற்றத்தின் அநியாயம் ஓர் அணுவளவும் குறைந்துவிடாது. ஆனால் அதை அறியாமல் வளரும் பிள்ளை, தன் பாட்டியார் எத்தகைய அயலவர் மத்தியில் வாழ்ந்தார் என்பதை அறியாமலே வளர்கிறது. 2009இல் யுத்தம் முடிந்து திரும்பிச் சென்ற குடும்பங்களுக்கு அது வெறும் உணர்ச்சி சார்ந்த விடயமுமல்ல. காடு மண்டிக் கிடந்த காணிகளில் எல்லைப் பனை எது, பழைய ஒழுங்கை எது, யாருடைய வேலி எங்கே முடிந்தது என்று உறுதியைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாமற்போன இடங்களில், முதியவர்களின் ஞாபகமும் அயலவரின் சாட்சியமுமே துணைக்கு வந்தன.

இக்கதைக்கு மற்றொரு பக்கம் உண்டு. அது என் உம்மாவின் பக்கம். படகுகள் வந்து சேர்ந்த கரை எங்களுடையது. எமது பாடசாலை அகதிகளுக்காகத் திறந்து விடப்பட்டதால் எங்களுக்குப் பல வாரங்கள் படிப்பில்லை. ஆரம்ப வகுப்பு மாணவனான எனக்கு அது பெருநாள் விடுமுறை போல இருந்தது. ஊர்ப் பெண்கள் பாடசாலை முற்றத்தில் அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சியதை உம்மா பல முறை சொல்லியிருக்கிறார். மாமி பக்கத்தில் இருக்கும்போது உம்மாவின் கதை அந்தக் கஞ்சியோடு முடிந்துவிடும். மாமி மன்னாருக்குப் போயிருந்த ஒரு கிழமையில் மீதி வெளிவந்தது. "ரெண்டு கிழமைல போயிடுவாங்கண்டு நெனச்சம். கிணறு அடி கண்டிட்டுது. கூலி வேலைக்கும் ஆள் கூடிட்டுது. ஊருக்குள்ள கொஞ்சம் மனக்கசப்பு வந்திச்சு, இல்லண்டு சொல்ல ஏலா." சமூகமாக எமது தாராள மனம் பற்றிப் பெருமையோடு எழுதுகிறோம், அது உண்மையும்கூட. இந்த மனக்கசப்பும் உண்மை. புத்தளத்தின் வரலாற்றை இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு எழுத முடியாது.

யார் கேட்கிறார், யார் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்கேற்பக் கதை மாறும் என்பதற்கு ஒரு பிரசித்தமான சான்று உண்டு. அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, முன்னர் அடிமைகளாக இருந்தவர்களின் 2,300க்கும் அதிகமான வாக்குமூலங்கள் அரசாங்கத் திட்டம் ஒன்றின் கீழ் பதியப்பட்டன. சார்ள்ஸ்டன் நகரில் சூசன் ஹம்லின் என்ற முதிய பெண்மணி இரு தடவை பேட்டி காணப்பட்டார். வெள்ளைக்காரப் பெண்ணொருவர் கேட்டபோது எசமானரின் நல்ல குணத்தைச் சொன்னார். கறுப்பின இளைஞர் ஒருவர் கேட்டபோது கசையடியையும், பிள்ளைகள் தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்டதையும் சொன்னார். வீட்டார் கேட்பதில் உள்ள பலம் இதுவே: அலுவலருக்குச் சொல்லாததை மகனுக்குச் சொல்வார்கள். பலவீனமும் அதற்குள்ளேயே இருக்கிறது. மனம் நோகக் கூடாதென்று மகனிடம் மறைப்பவையும் உண்டு. ஆகவே ஒரே ஆளிடம் ஒரு தடவை கேட்பது போதாது. மருமகன் கேட்ட பின் பேத்தி கேட்கட்டும். தனியே கேட்ட பின் அயலவரோடு இருத்திக் கேட்கலாம்.

அனுபவத்தில் கண்ட வேறு சில நடைமுறைகளையும் வாசகர்களின் பயனுக்காகச் சொல்லி வைக்கிறேன். எமது முதியவர்கள் ஆண்டுக் கணக்கில் நினைவு வைத்திருப்பதில்லை. சம்பவக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். மாமி பள்ளிக்கூடம் போனது "புயலடிச்ச வருசம்". அது தனுஷ்கோடியை அழித்த 1964 டிசெம்பர்ப் புயல். அவர் கலியாணம் நடந்தது "பாண் கியூ காலம்". அது 1973, 74. "கப்பல் நிண்ட பிறகு" என்றால் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலான கப்பல் சேவை நின்ற 1984க்குப் பின். இப்படி ஒரு நிரலை முதலில் தயாரித்துக் கொண்டால் ஒரு குடும்பத்தின் நூறாண்டைக் கிரமமாக அடுக்கி விடலாம். பெரிய சம்பவத்தைப் பற்றிக் கேட்பதைவிடக் கை செய்த வேலையைப் பற்றிக் கேட்பது நல்லது. பாய் இழைத்தது, மீன் கருவாடாக்கியது, தண்ணீர் சுமந்தது என்று தொடங்கினால் மேடைக் கதை விலகிச் சொந்தக் கதை வரும்.

ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் பெயர், பிறந்த ஊர், பதிந்த திகதி, கேட்டவர், அருகிலிருந்தவர், கண்டதா கேட்டதா என்ற விபரங்கள் இருக்க வேண்டும். இது எமது இஸ்னாத். பேச்சை எழுத்தாக்கும்போது அவரவர் ஊர் வழக்கைத் திருத்தாமல் எழுத வேண்டும். மன்னார் முஸ்லிம் பேச்சு வழக்கே புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளின் நாவிலிருந்து மறைந்து வருகிறது. சொல்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கடற்கரையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, "இத எழுதாதீங்க மகன்" என்றார் மாமி. அதை எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

பதிந்ததைப் பேணுவது அடுத்த பிரச்சினை. முகாம் காலத்தில் சிலர் ஆர்வத்தோடு பதிந்த ஒலிநாடாக்கள் பூஞ்சணம் பிடித்து வீணாகின. இன்று கைத்தொலைபேசியில் பதிவது எளிது, அது தொலைந்தால் அத்தனையும் தொலைந்துவிடுவதும் எளிது. ஆகக் குறைந்தது இரண்டு பிரதிகளாவது இரண்டு வீடுகளில் இருக்க வேண்டும். எழுதிய தாள் ஒன்றும் இருக்க வேண்டும், ஏனெனில் இயந்திரம் இல்லாமலே வாசிக்கக் கூடியது அதுதான். யுத்தத்திற்குப் பின் வடக்கிலும் தெற்கிலும் தாய்மாரின் கதைகளை, அவர்கள் கையாலேயே எழுதிய கடிதங்களாகவும் வரைந்த ஊர்ப் படங்களாகவும் திரட்டிய முயற்சி ஒன்று 200க்கும் மேற்பட்ட கதைகளைச் சேர்த்தது. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் சேகரித்து வரும் நூலகம் நிறுவனம் வாய்மொழி வரலாறுகளையும் ஏற்றுக்கொள்கிறது. எமது பள்ளிவாசல்களில் நிக்காஹ் பதிவேடும் ஜனாஸாப் பதிவேடும் வைத்திருக்கிறோம். இவற்றின் நடுவே வாழ்ந்த வாழ்க்கைக்கென ஒரு பதிவேடு வைத்தால் என்ன?

காலம் எமக்காகக் காத்திருக்கவில்லை. வெளியேற்றத்தின்போது முப்பத்தைந்து வயதுடையோர் இன்று எழுபதை எட்டிவிட்டனர். அன்று ஊரின் மூத்தவர்களாக இருந்தோரில் மிகப் பெரும்பாலானோர் புத்தளத்து மையவாடிகளில் அடங்கிவிட்டனர். அவர்களோடு எருக்கலம்பிட்டியின், முசலியின், யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவின் எத்தனையோ ஒழுங்கைகள் மறைந்துவிட்டன. உம்மாவின் பதிவையும் மாமியின் பதிவையும் எழுத்தாக்கி, ஒரே உறையில் இட்டு வைத்திருக்கிறேன். என் பிள்ளைகள் ஒரு மாதத்தின் கதையை இரண்டு பாட்டிமாரிடமிருந்தும் அறிந்துகொள்ளட்டும். வரும் தவணை விடுமுறையில் மாமியின் மூத்த தாத்தாவிடம் போகவிருக்கிறேன். புயலடித்த ஆண்டில் அவர் கலியாணமான பெண். இப்போது எண்பதைக் கடந்துவிட்டார். காது மந்தம், ஆனால் ஞாபகம் நல்ல தெளிவு என்கிறார்கள்.